பெருந்தொற்று விட்டுச்சென்ற கேள்விகள்

கோவிட்-19 நோயை முன்னிட்டு அறிவித்திருந்த பன்னாட்டு அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று விலக்கிக்கொண்டது. அவசரநிலை முடிந்தது, கேள்விகள் முடியவில்லை. வேறு நோய்க்காக மருத்துவமனைக்கு வருவோரும் அவர்களுக்குத் துணையாக வருவோரும், பேச்சு சற்று நீண்டால் அந்த நாட்களுக்கே திரும்புகின்றனர்.

“நான் வேலைக்குப் போய்வந்ததால்தான் அப்பாவுக்கு நோய் வந்ததா?” “பிளாஸ்மா கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா?” “எல்லோரும் மறந்துவிட்டார்கள். எங்களால் மட்டும் ஏன் மறக்க முடியவில்லை?” “ஏன் எங்களைப் போன்றவர்களுக்கே இவ்வளவு இழப்பு?” “கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக்கூட விடவில்லையே, அது சரிதானா?”

இவை ஒரே துயரத்திலிருந்து பிறந்தவை எனினும் ஒரே வகைக் கேள்விகள் அல்ல. சிலவற்றுக்கு அறிவியலிடம் தெளிவான விடை உண்டு. சிலவற்றுக்கு வரலாற்றைக் கேட்க வேண்டும். சிலவற்றுக்கு விடையே இல்லை. அவற்றை வெளிப்படுத்த ஒரு மொழியோ ஓவியமோ சடங்கோ தேவைப்படுகிறது. ஒரு வகைக் கேள்விக்கு வேறு வகை விடையைத் தரும்போது, சொன்னவர் தம் கடமை முடிந்தது என்று எண்ணுவார். கேட்டவரின் பாரமோ அப்படியே இருக்கும். எந்தக் கேள்வியை எங்கே கொண்டுசெல்வது என்பதை இக்கட்டுரையில் சேர்ந்து பார்ப்போம். நம் காலத்துக் கோவிட் நோயுடன், 1918-இல் உலகைச் சூழ்ந்த இன்ஃப்ளூயன்சாவையும் துணைக்கு எடுத்துக்கொள்வோம்.

என்னால்தான் நோய் வந்ததா?

இது முதலில் அறிவியலிடம் கேட்க வேண்டிய கேள்வி.

2003-ஆம் ஆண்டு சார்ஸ் என்ற நோய் பல நாடுகளில் தலைகாட்டியது. அதை உண்டாக்கியதும் ஒரு கொரோனா வைரஸே. ஏறத்தாழ 8,000 பேரைத் தாக்கிய அந்நோய் சில மாதங்களில் கட்டுக்குள் வந்தது. அதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சார்ஸ் நோயாளியிடமிருந்து வைரஸ் பெருமளவில் வெளிப்பட்டது, அவருக்குக் காய்ச்சல் கண்டு சில நாட்கள் சென்ற பிறகே. எனவே காய்ச்சல் உள்ளவரைக் கண்டறிந்து தனிமைப்படுத்தினால் பரவல் பெரிதும் தடைப்பட்டது.

கோவிட் அப்படி நடந்துகொள்ளவில்லை. தொற்றுப் பெற்றவர், தமக்கு அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்கள் முன்பிருந்தே பிறருக்கு நோயைத் தரக்கூடியவராக இருந்தார். அறிகுறியே தோன்றாமல் நோயைக் கடந்தவர்களும் பிறருக்குத் தந்தனர். அந்த நாட்களில் அவருக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. தம்மிடம் நோய் இருப்பதை அவர் அறிய வழியே இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொடக்ககால வைரஸ் உடலுக்குள் புகுந்த நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடையே சராசரியாக 5 அல்லது 6 நாட்கள் சென்றன. ஆனால் இந்த இடைவெளி ஆளுக்கு ஆள் மாறியது; சிலருக்கு 2 நாள், சிலருக்கு 14 நாள் வரை. மகனுக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது, தந்தைக்கு வியாழக்கிழமை வந்தது என்று கொள்வோம். மகனிடமிருந்தே தந்தைக்குத் தொற்றியது என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவர். தந்தை முன்பே தொற்றுப் பெற்று, அவருக்கு அறிகுறி தாமதமாகத் தோன்றியிருக்கலாம். இருவரும் ஒரே மளிகைக் கடையில் ஒரே மூன்றாம் நபரிடமிருந்து பெற்றிருக்கலாம். முதலில் படுத்தவரே முதலில் தொற்றுப் பெற்றவர் என்று கூற இயலாது. ஒரு வீட்டுக்குள் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதைப் பெரும்பாலும் எவராலும் உறுதிசெய்ய முடியாது.

அறிவியல் இதுவரை வருகிறது. இதற்கு அப்பால் ஓர் அடி எடுத்துவைக்க அறவியல் துணைசெய்கிறது. நோய் உண்மையிலேயே ஒருவர் வழியாக வந்ததாகவே இருக்கட்டும். நோய் வந்த வழியாக இருப்பது வேறு, அதற்குக் குற்றவாளியாக இருப்பது வேறு. தெரிந்தும், தவிர்க்க முடிந்தும், தவிர்க்காமல் விட்டவரையே குற்றம் சாரும். வீட்டில் அடுப்பு எரியவேண்டி வேலைக்குச் சென்று, அறிகுறி ஏதுமின்றித் திரும்பி வந்தவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். ஆண்டுகள் பல கடந்தும் இந்தக் குற்ற உணர்வைத் தனியே சுமப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அந்த மருந்து கிடைத்திருந்தால்?

2021-இன் இரண்டாம் அலையில், குணமடைந்தவர்களின் பிளாஸ்மாவைத் தேடி எத்தனையோ குடும்பங்கள் இரவு பகலாக அலைந்தன. கைப்பேசியில் தெரிந்தவர், தெரியாதவர் அனைவரிடமும் இரந்து கேட்டன. கிடைத்தவர் சிலர், கிடைக்காதவர் பலர். கிடைக்காத வீடுகளில் ‘இன்னும் சற்று முயன்றிருந்தால்’ என்ற எண்ணம் இன்றும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

பிளாஸ்மா பயன் தருமா என்று அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் நாட்டின் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் பிளாஸ்மாவும், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டன. குலுக்கல் எதற்கு? மருத்துவரே தேர்ந்தெடுத்தால், தம்மை அறியாமல் பிழைக்கக்கூடியவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் கொடுத்துவிடக் கூடும். பிறகு பயன் மருந்தால் வந்ததா, நோயாளியின் உடல்நிலையால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. அந்த ஆய்வில், நோய் முற்றுவதையோ உயிரிழப்பையோ பிளாஸ்மா குறைக்கவில்லை. பின்னர் பிரிட்டனில் 11,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ‘ரெக்கவரி’ ஆய்விலும் அதே முடிவு கிடைத்தது. 2021 மே மாதம் இந்தியாவின் தேசியச் சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது.

ரெம்டெசிவிர் மருந்துக்காகவும் நீண்ட வரிசைகள் நின்றன. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய ஆய்வின் இறுதி முடிவின்படி, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் உயிரிழப்பை அது குறைக்கவில்லை. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் கண்ட பயனும் சிறிதே. மாறாக, விலை மலிவான பழைய மருந்தான டெக்சாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் உயிரிழப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றவர்களின் உயிரிழப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது என்று 2020 ஜூனில் ரெக்கவரி ஆய்வு காட்டியது.

ஆகவே பிளாஸ்மா கிடைக்காத குடும்பத்துக்கு நாம் தயக்கமின்றிச் சொல்லலாம்: நீங்கள் தேடியும் கிடைக்காதது, கிடைத்திருந்தாலும் அவரைக் காத்திருக்கும் என்று நம்புவதற்குச் சான்று இல்லை. உங்கள் முயற்சி குறைந்ததால் அவர் போகவில்லை.

ஆக்சிஜன் அப்படிப்பட்டதன்று. அது உயிர் காப்பது என்பதில் ஐயமே இல்லை. அது கிடைக்காமல் உறவை இழந்தவரிடம் அறிவியலைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஏன் கிடைக்கவில்லை, யாருக்குக் கிடைக்கவில்லை என்பவை மனிதர்கள் எடுத்த முடிவுகளைப் பற்றிய கேள்விகள். அவற்றுக்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

“அன்று ஒன்று சொன்னீர்கள், பிறகு வேறொன்று சொன்னீர்கள்” என்ற குறையும் எங்கள் காதில் விழுந்ததுண்டு. 1918-இல் பெரும்பாலான மருத்துவர்கள், இன்ஃப்ளூயன்சாவை உண்டாக்குவது ஒரு பாக்டீரியம் என்று நம்பினர். ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்டு ஃபைஃபர் 1892-இல் கண்டறிந்த கிருமி அது. அதற்கு எதிராகத் தடுப்பூசிகளும் செய்தனர். உண்மையான காரணம் ஒரு வைரஸ் என்பது, லண்டனில் மூன்று அறிஞர்கள் 1933-இல் அதை மனிதரிடமிருந்து ஃபெரட் என்ற கீரி போன்ற சிறுவிலங்குகளுக்குத் தொற்றவைத்துக் காட்டியபோதே உறுதியானது. நோய் வந்துபோன பிறகு 15 ஆண்டுகள். கோவிட் வைரஸின் மரபணு வரிசையோ 2020 ஜனவரியிலேயே உலகின் முன் வைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே பொதுமக்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினர். கற்றுக்கொண்டிருக்கும்போதே சிகிச்சையும் செய்ய வேண்டியிருந்ததால், கற்றது மாறியபோது சொன்னதும் மாறியது. சான்று வந்தபின் பிளாஸ்மாவைக் கைவிட்டது போல, மாற வேண்டியதை மாற்றிக்கொள்வதே அறிவியலை நம்புவதற்குரிய காரணம்.

எல்லோரும் மறந்த பின்னும்

1918-இன் இன்ஃப்ளூயன்சாவில் உலகில் குறைந்தது 5 கோடிப் பேர் இறந்தனர் என மதிப்பிடப்படுகிறது. அதிலும் இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்டோர் வழக்கத்துக்கு மாறாகப் பெருமளவில் இறந்தனர். ஆயினும் அந்தப் பேரிழப்பு பொது நினைவிலிருந்து விரைவாக மறைந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் கிராஸ்பி தம் ஆய்வுநூலின் பிற்பதிப்பில், அதை அமெரிக்கா மறந்த பெருந்தொற்று என்றே தலைப்பில் குறித்தார். போருக்கு நினைவுச்சின்னங்கள் எழுந்தன. காய்ச்சலுக்கு அவ்வாறு எழவில்லை. ஊர் மறப்பதும் வீடு மறக்காதிருப்பதும் இன்று புதிதாக நேர்ந்தவை அல்ல.

மறக்காதவர்களில் சிலர் கலைஞர்கள். நோர்வே ஓவியர் எட்வர்டு முங்க் 1919-இல் ‘ஸ்பானிஷ் காய்ச்சலுடன் தன்னுருவம்’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். கலைந்து கிடக்கும் படுக்கையின் அருகே பிரம்பு நாற்காலி ஒன்றில், மடிமேல் போர்வையுடன் அவர் அமர்ந்திருக்கிறார். முகம் வெளிறி, வாய் திறந்திருக்கிறது. அதில் வீரமும் இல்லை, அழுகையும் இல்லை. களைப்பு மட்டுமே உள்ளது. நோயிலிருந்து மீண்டவரைப் பார்த்து ‘அதான் சரியாகிவிட்டதே’ என்று சொல்லும் உறவினர் அந்தப் படத்தைச் சற்று நேரம் பார்ப்பது நல்லது. பரிசோதனை அறிக்கையில் தெரியாத களைப்பு அதில் தெரிகிறது.

வியன்னாவில் வாழ்ந்த ஓவியர் ஈகோன் ஷீலே அவ்வாண்டு ‘குடும்பம்’ என்றொரு படத்தில் ஈடுபட்டிருந்தார். ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை. ஆறு மாதக் கருவைச் சுமந்திருந்த அவருடைய மனைவி எடித் 1918 அக்டோபர் 28 அன்று அக்காய்ச்சலால் இறந்தார். மூன்று நாட்கள் கழித்து, 28 வயதில், ஷீலேயும் இறந்தார். அவர்களுக்குப் பிறக்காத குழந்தையை அந்தப் படத்தின் முன் நிற்பவர் எண்ணாமல் இருக்க முடியாது.

எழுத்தாளர்களுக்கு இன்னும் நீண்ட காலம் தேவைப்பட்டது. அமெரிக்கரான கேத்தரின் ஆன் போர்ட்டர், 1918-இல் டென்வர் நகரில் இன்ஃப்ளூயன்சாவால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டவர். தம் அனுபவத்திலிருந்து ‘வெளிறிய குதிரை, வெளிறிய சவாரிக்காரர்’ என்ற குறுநாவலை அவர் எழுதினார். அதில், நோயுற்ற பெண்ணைப் படைவீரனான அவள் காதலன் பார்த்துக்கொள்கிறான். அவள் பிழைத்து எழும்போது போர் முடிந்திருக்கிறது. அவனோ அதே காய்ச்சலால் இறந்திருக்கிறான். பார்த்துக்கொண்டவர் போய், பார்க்கப்பட்டவர் எஞ்சியிருக்கும் அந்த நிலையை எங்கள் வாசகர்களில் பலர் அறிவர்.

இந்தியில் புகழ்பெற்ற கவிஞரான சூர்யகாந்த் திரிபாதி ‘நிராலா’, 1918-இல் இளைஞராக இருந்தபோது தம் மனைவியையும் நெருங்கிய உறவினர் பலரையும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இழந்தார். கங்கை ஆறு உடல்களால் நிறைந்திருந்த காட்சியை ‘குல்லி பாட்’ என்ற தம் நூலில் அவர் பதிவுசெய்தார்.

போர்ட்டரின் கதையும் நிராலாவின் நூலும் 1930-களின் இறுதியில்தான் வெளிவந்தன. ஒருவரையொருவர் அறியாத இருவர், இரு கண்டங்களில், ஏறத்தாழ 20 ஆண்டுகள் சென்ற பிறகே அதை எழுதினர். சொல்லே தொழிலாகக் கொண்டவர்களுக்கே அவ்வளவு காலம் ஆயிற்று. உங்கள் வீட்டில் இன்னும் பேசமுடியாதவர் இருந்தால் அவரிடம் ஏதோ கோளாறு என்று எண்ண வேண்டியதில்லை. அதே சமயம், 20 ஆண்டுகள் கழித்தும் பேசலாம் என்பதையும் அவ்விருவரும் காட்டுகின்றனர்.

யார் அதிகம் இழந்தனர்?

‘நோய் ஏழை பணக்காரர் என்று பார்ப்பதில்லை’ என்று கூறுவதுண்டு. வரலாற்றின் ஏடுகளைப் புரட்டினால் அது பாதி உண்மை என்று தெரியவரும்.

1918 ஜூனில் பம்பாயில் தலைகாட்டிய இன்ஃப்ளூயன்சா, அவ்வாண்டு செப்டம்பரில் கடும் வேகத்துடன் மீண்டும் எழுந்து நாடெங்கும் பரவியது. அவ்வாண்டுப் பருவமழை பொய்த்திருந்தது. உலகப் போரால் விலைவாசி ஏறியிருந்தது. பட்டினியால் நலிந்த உடல்களை நோய் தாக்கியது. பம்பாய் நகரின் இறப்புப் பதிவுகளில், ஆயிரம் ஐரோப்பியருக்கு 8 பேர் என்ற அளவில் இறப்பு இருந்தபோது, தாழ்த்தப்பட்ட சாதியினரில் அது ஆயிரத்துக்கு 61-க்கும் மேல் இருந்தது. வைரஸ் ஒன்றே. நெரிசலான குடியிருப்பு, போதாத உணவு, எட்டாத மருத்துவம், சாதி ஆகியவையே ஏழு மடங்கு வேறுபாட்டை உண்டாக்கின. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-இல் 25.21 கோடியாக இருந்த மக்கள்தொகை, 1921-இல் 25.13 கோடியாகக் குறைந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்கிய நாள்முதல் குறைவைக் காட்டிய பத்தாண்டு அது ஒன்றே.

அந்நோய்க்கு ‘ஸ்பானிஷ்’ என்ற பெயர் வந்த கதையும் ஒரு பாடம். போரில் ஈடுபட்டிருந்த நாடுகள் நோய்ச் செய்திகளைத் தணிக்கை செய்தன. போரில் சேராத ஸ்பெயினின் செய்தித்தாள்கள் மறைக்காமல் எழுதின. உண்மையைச் சொன்ன நாட்டின் பெயரே நோயின் பெயராயிற்று.

பழி தேடும் அந்தப் பழக்கம் நம்மிடமும் இருந்தது. 2020 ஏப்ரலில், கோவிட் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து தாக்கியது. முறைப்படி அடக்கம் செய்யப்படும் உடலிலிருந்து அக்கம்பக்கத்தாருக்கு நோய் பரவாது என்பது அப்போதே சொல்லப்பட்டிருந்தது. சொன்னது அச்சத்தைத் தாண்டி மக்கள் மனத்தை எட்டவில்லை. சில நாட்களில், அத்தகைய அடக்கத்தைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

படுக்கையும் ஆக்சிஜனும் கிடைக்காமல் உறவை இழந்தவர்களின் கேள்விக்கு உரிய இடம் இதுவே. ‘விதி’ என்றோ ‘வைரஸ்’ என்றோ ஒற்றைச் சொல்லில் அதை முடித்துவிடக் கூடாது. அவர்களின் கோபத்தை நோயாகக் கருதி ஆற்ற முயல வேண்டியதுமில்லை. அதில் நியாயம் உண்டு. என்ன நடந்தது, எப்போது நடந்தது, எங்கெல்லாம் கேட்டு அலைந்தோம் என்பதை நாள் குறித்து எழுதிவைப்பது குடும்பத்துக்கும் பயன்படும். அடுத்த முறைக்கு ஆயத்தமாக வேண்டிய சமுதாயத்துக்கும் பயன்படும். 1918-இன் பம்பாயில் யார் எத்தனை பேர் இறந்தனர் என்று எவரோ ஒருவர் எழுதிவைத்ததால்தான் இன்று நாம் அதை அறிகிறோம்.

முகம் பார்க்க விடாதது சரியா?

இந்தக் கேள்விக்கு ‘தொற்று பரவாதிருக்க அப்படிச் செய்தோம்’ என்பது உண்மையான விடை. அது முழு விடை ஆகாது.

2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோய் 11,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவரின் உடலில் அவ்வைரஸ் மிகுதியாக இருக்கும். உடலைக் கழுவித் தொட்டு வழியனுப்புவது அங்குள்ள மக்களின் மரபு. புதிய தொற்றுகளில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு ஈமச்சடங்குகளின்போது நேர்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. எனவே கவச உடை அணிந்த குழுவினர் வந்து உடலை எடுத்துச்சென்று புதைத்தனர். மக்களோ உடல்களை மறைத்து, இரவில் தாமே புதைக்கத் தொடங்கினர். அறிவியல் சரியாக இருந்தும் நோய் குறையவில்லை.

அப்போது மானுடவியல் அறிஞர்களும் சமயத் தலைவர்களும் மருத்துவர்களுடன் அமர்ந்து பேசினர். 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் புதிய நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. குடும்பத்தார் அடக்கத்தில் பங்குகொள்ளலாம், பிரார்த்தனை செய்யலாம். இஸ்லாமியருக்கு நீரின்றிச் செய்யும் தூய்மைச் சடங்கும் கஃபன் துணியும் உண்டு. தொடுவது மட்டும் பயிற்சி பெற்றவர்களுக்கு விடப்பட்டது. பாதுகாப்பும் கண்ணியமும் ஒரே நெறிமுறைக்குள் இடம்பெற்றன. சடங்கு என்றால் என்ன, அதில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று அறிந்தவர்களைக் கேட்டதால் இது கைகூடியது.

முகம் பார்க்காத மனக்குறை மூடநம்பிக்கை ஆகாது. பிரிவை மனம் ஏற்பதற்குக் கண்ணும் கையும் செய்யும் உதவி அது. அது கிடைக்காதது ஓர் இழப்பு. இறப்புக்கு மேல் நேர்ந்த இரண்டாவது இழப்பு. அதை இழப்பு என்று ஒப்புக்கொள்வதே மருத்துவமனையில் பணிபுரியும் நாங்கள் முதலில் செய்ய வேண்டியது.

வீட்டில் செய்யத்தக்கவை

கேள்வியைப் பிரித்துப் பாருங்கள். மனத்தை உறுத்துவதை ஒரு தாளில் எழுதுங்கள். ‘எப்படி நடந்தது’ என்று தொடங்கும் கேள்விகளை, வீட்டில் உள்ள சிகிச்சைத் தாள்களுடன், நீங்கள் நம்பும் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அதற்கென நேரம் கேட்டுப் பெறுங்கள். ‘ஏன் எங்களுக்கு’ என்று தொடங்குபவற்றை உறவினரிடமோ நண்பரிடமோ உங்கள் சமயப் பெரியவரிடமோ பேசுங்கள்.

அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். மருத்துவமனையில் கழிந்த நாட்களைப் பற்றி மட்டும் வேண்டாம். அவருக்குப் பிடித்த பலகாரம், கோபம் வந்தால் சொல்லும் சொல், பேரப்பிள்ளையை அழைத்த செல்லப்பெயர் ஆகியவையும் இடம்பெறட்டும். எழுத வராதவர் சொல்ல, இளையவர் எழுதலாம். கைப்பேசியில் குரலாகவும் பதியலாம். கடைசிப் பத்து நாட்கள் ஒரு முழு வாழ்க்கையை மறைத்துவிடாமல் இருக்க இது உதவும்.

விடுபட்ட சடங்கை இப்போதும் செய்யலாம். அன்று கூட முடியாத உறவினரை அழைத்துத் திதி கொடுக்கலாம். நினைவுத் திருப்பலி வைக்கலாம். துஆ செய்து உணவளிக்கலாம். சமய நம்பிக்கை இல்லாதவர் படத்தின் முன் கூடிப் பேசலாம். ஆண்டுகள் சென்றதால் அதன் பொருள் குறைந்துவிடாது.

குழந்தைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். ‘தாத்தா தூங்குகிறார்’, ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்பன போன்ற சொற்கள் குழந்தைக்குத் தூக்கத்தின் மீதும் பயணத்தின் மீதும் அச்சத்தை உண்டாக்கலாம். ‘இறந்துவிட்டார், இனி வரமாட்டார்; அதற்கு நீ காரணமில்லை’ என்று எளிய சொற்களில் கூறுங்கள். கடைசிச் சொற்றொடரை மறக்காதீர்கள். தாமே காரணம் என்று குழந்தைகள் சொல்லாமலே நினைத்துக்கொள்வதுண்டு.

உதவி தேவைப்படும் நிலையை அறிந்துகொள்ளுங்கள். துயரம் இருப்பது நோயன்று. ஆனால் ஆறு மாதங்களுக்கு மேலாகியும் இறந்தவரைப் பற்றிய ஏக்கம் நாள்தோறும் கடுமையாக நீடித்து, உண்பது, உறங்குவது, வேலைக்குச் செல்வது, பிறருடன் பழகுவது ஆகியவை குலைந்து போயிருந்தால், அது சிகிச்சையால் தணியக்கூடிய நிலையாக இருக்கலாம். மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். ‘டெலி மானஸ்’ என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416; அதில் தமிழிலும் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் காத்திராமல் உடனே அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். அத்தகையவரை வீட்டார் தனியே விடலாகாது.

கலந்துபேசச் சில வினாக்கள்

அந்த நாட்களைப் பற்றி நம் வீட்டில் யார் இதுவரை எதுவும் பேசவில்லை? அவரிடம் நாம் கேட்டிருக்கிறோமா?

‘என் தவறு’ என்று நாம் சுமப்பதில், அன்றே நமக்குத் தெரிந்திருக்கக் கூடியது எது? பிறகுதான் தெரியவந்தது எது?

அந்த நாட்களில் நமக்கு உணவு கொண்டுவந்தவர், ஆம்புலன்ஸ் ஓட்டியவர், வாசலில் நின்று விசாரித்தவர் யார்? அவர்களுக்கு நன்றி சொன்னோமா?

மீண்டும் ஒரு பெருந்தொற்று வந்தால், நோயாளியின் அருகில் இருப்பதற்கும் வழியனுப்புவதற்கும் எந்த ஏற்பாடு இருக்க வேண்டும் என்று நாம் கேட்போம்?

கடைசி வினாவுக்கான உங்கள் விடை எங்களுக்கும் வேண்டும். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது எழுதி எடுத்து வாருங்கள். நோயாளியின் அருகே யார் இருக்கலாம், எவ்வாறு இருக்கலாம் என்ற விதிகளை வகுக்கும்போது, வாசலுக்கு வெளியே காத்திருந்தவர்கள் சொல்வதும் மருத்துவர்கள் சொல்வதைப் போலவே கணக்கில் எடுக்கப்பட வேண்டும்.